கோடை விடுமுறை: வீட்டில் இருந்தபடியே விளையாட்டும் பாடமும்



ஏப்ரல் மாதக் கடைசியில் பள்ளிகள் மூடினால், மீண்டும் திறப்பது ஜூன் இரண்டாவது வாரத்தில்தான். கிட்டத்தட்ட 45 நாட்கள். முன்பெல்லாம் தேர்வு முடிந்த மறுநாளே பிள்ளைகள் ஆயா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இப்போது எல்லாக் குடும்பங்களுக்கும் அது முடிவதில்லை. திருப்பதியில் கடை வைத்திருப்பவர்களுக்குக் கோடைதான் யாத்ரிகர் கூட்டம் மிகுந்த காலம். கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போக முடியாது. மருத்துவமனையிலும் ஆலையிலும் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பு கிடைப்பது அரிது. ஆகவே நம் பிள்ளைகளில் பலர் இந்த 45 நாட்களையும் சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டுக்குள்ளேயே கழிக்கிறார்கள். கைபேசியும் தொலைக்காட்சியும் அந்த நேரத்தை விழுங்கிவிடுகின்றன.

இதில் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் தெலுங்கும் இந்தியும். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் தமிழ் எழுத்து அவர்களுக்குத் தெரிவதில்லை. திருமணப் பத்திரிகை வந்தால் மணமகன் பெயரைப் படிக்கத் தெரியாமல் அம்மாவிடம் நீட்டுகிறார்கள். பேச மட்டுமே தெரிந்த மொழி, அடுத்த தலைமுறையில் புரிய மட்டுமே தெரிந்த மொழியாகிவிடும். அதற்கடுத்த தலைமுறைக்கு அதுவும் இருக்காது. பள்ளி திறந்தபின் வீட்டுப்பாடத்துக்கே நேரம் போதாது. எனவே எழுத்தைக் கற்பிக்க நமக்குக் கிடைப்பது இந்த ஒரு விடுமுறைதான்.

அதிகச் செலவில்லாமல், வீட்டில் உள்ள பொருட்களைக் கொண்டே செய்யக்கூடிய சிலவற்றை இங்கே பாடமாக வகுத்துத் தந்திருக்கிறோம். எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டுக்கு ஏற்றவற்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

1. நாளைப் பகுத்துக்கொள்ளுதல்

நம் பகுதியில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை பிள்ளைகள் வெளியில் திரிய வேண்டாம். ஏரி, குளம், கிணறு பக்கம் பெரியவர் துணையின்றி அனுப்பவே கூடாது. விடுமுறை நாட்களில்தான் நீரில் மூழ்கும் விபத்துகள் அதிகம் நேர்கின்றன.

காலை 6 முதல் 8 வரை தெருவிலோ மாடியிலோ ஓடி விளையாடட்டும். 9 முதல் 10 வரை எழுத்துப் பாடம். நண்பகலில் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களும் கைவேலையும். மாலையில் வெளியே போகலாம். தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் எழுத்துக்கு ஒதுக்கினால் போதும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, நாள் தவறாமல் கால் மணி நேரம் கற்பிப்பதே பலன் தரும்.

2. திண்ணை ஆட்டங்கள்

நம் பாட்டிமார் ஆடிய ஆட்டங்களில் பலவற்றைத் தெலுங்கு மக்களும் வேறு பெயரில் ஆடுகிறார்கள். பல்லாங்குழி அவர்களுக்கு வாமனகுண்டலு. ஆடுபுலி ஆட்டம் அங்கே புலி-மேக. பரமபதம் வைகுண்டபாளி. பம்பரம் பொங்கரம். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே ஆடலாம்.

பல்லாங்குழி: பலகை இல்லாவிட்டால் பழைய முட்டை அட்டைகளை வெட்டி, வரிசைக்கு 7 ஆக 14 குழிகள் அமைத்துக்கொள்ளலாம். குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டைகள் தேவை. ஒருவர் தம் பக்கத்துக் குழி ஒன்றிலுள்ள காய்களை எடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வார். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழிக் காய்களை அள்ளித் தொடர்வார். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதற்கும் அடுத்த குழியில் உள்ளவை அவருக்குச் சொந்தம். அத்துடன் அவர் முறை முடியும். ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் 4 காய்கள் சேர்ந்தால் அது 'பசு'. அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் விதிகள் சற்று மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆடிய முறையையே கற்றுக்கொடுங்கள். எண்ணாமலே எத்தனை காய் என்று சொல்லும் பழக்கம் பத்து நாளில் பிள்ளைக்கு வந்துவிடும். ஓர் எச்சரிக்கை: காய்க்குக் குன்றிமணியைப் பயன்படுத்த வேண்டாம். அதை மென்றுவிட்டால் கடும் நஞ்சு.

ஆடுபுலி: 23 சந்திகள் கொண்ட கட்டத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரையலாம். புலிகள் 3, ஆடுகள் 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும்; ஆடுகள் வெட்ட முடியாது, ஆனால் கூடி நின்று புலியை நகர விடாமல் அடைக்கலாம். தனி ஆடு வெட்டுப்படும், சேர்ந்து நிற்கும் ஆடு தப்பிக்கும் என்பதைப் பிள்ளைகள் ஆடியே தெரிந்துகொள்வார்கள்.

கோலம்: 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளி வைத்தால் மொத்தம் எத்தனை? 25. இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 1+3+5+7 என்பது 16, அதாவது 4x4. மீதியுள்ள 5+3+1 என்பது 9, அதாவது 3x3. ஒற்றைப்படை எண்களை 1 முதல் வரிசையாகக் கூட்டினால் எப்போதும் வர்க்க எண்ணே கிடைக்கும். 9 புள்ளிக் கோலத்துக்கு எத்தனை புள்ளி என்று பிள்ளையைக் கேளுங்கள். 25+16 = 41 என்று சொன்னால் பாடம் புரிந்துவிட்டது. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எண்ணாமல் ஆண் பிள்ளைகளுக்கும் கோலம் கற்பியுங்கள்.

3. தெலுங்கு அறிந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து

247 எழுத்துகள் என்றதும் பிள்ளைகள் மலைத்துவிடுகிறார்கள். உண்மையில் மனத்தில் பதிய வேண்டிய வடிவங்கள் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆக 31 தான். மீதி 216 உயிர்மெய்களும் குறிகளைச் சேர்ப்பதால் வருபவை. நாளுக்கு ஓர் எழுத்து என்றாலும் 31 நாளில் முடியும். விடுமுறையில் இன்னும் இரண்டு வாரம் படித்துப் பழக மிச்சமிருக்கும்.

தெலுங்கு எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பாதி வேலை முன்பே முடிந்துவிட்டது. குறில் நெடில் வேறுபாடு அதற்குத் தெரியும். எ, ஏ, ஒ, ஓ நான்கும் தெலுங்கிலும் உண்டு. இடறும் இடங்கள் சிலவே. அவற்றை மட்டும் தனியே கற்பிக்க வேண்டும்.

(அ) ஓர் எழுத்து, பல ஒலி. தெலுங்கில் க வரிசைக்கு நான்கு எழுத்துகள், தமிழில் ஒன்றே. எங்கே எப்படி ஒலிப்பது என்று பிள்ளை கேட்கும். சொல்லின் முதலிலும், இரட்டித்த இடத்திலும் வன்மையாக ஒலிக்கும்: கல், பக்கம். மெல்லெழுத்துக்குப் பின் அழுத்தம் குறைந்து ஒலிக்கும்: தங்கம். இரண்டு உயிர்களுக்கு நடுவே மென்மையாகும்: பகல். ஏற்கெனவே தமிழ் பேசும் பிள்ளை என்பதால், சொல் தெரிந்தால் ஒலி தானே வந்துவிடும்.

(ஆ) புள்ளி. தெலுங்கில் 'அம்ம' என்று எழுதும்போது இரண்டாவது ம வை ஒத்தாகக் கீழே எழுதுகிறார்கள். தமிழில் முதல் ம் மேல் புள்ளி வைத்து, அடுத்த எழுத்தைப் பக்கத்திலேயே எழுத வேண்டும். பிள்ளைகள் புள்ளியை விட்டுவிட்டு 'அமமா' என்று எழுதுவது இதனால்தான். திட்ட வேண்டாம். மெய்யெழுத்துக்குத் தலையில் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். நாலு நாளில் சரியாகிவிடும்.

(இ) இடப்பக்கக் குறிகள். கெ, கே, கை ஆகியவற்றில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கும். கொ, கோ, கௌ ஆகியவற்றில் இருபுறமும் நிற்கும். தெலுங்குக் குறிகள் பெரும்பாலும் மேலும் கீழுமாக அமைவதால் இது புதிதாகத் தோன்றும். அட்டையில் எழுத்தையும் குறிகளையும் தனித்தனியே வெட்டி வைத்து, சேர்த்து ஆடச் செய்யலாம்.

(ஈ) ந, ன, ண. சொல்லின் முதலிலும் த வுக்கு முன்னும் ந வரும்: நாய், பந்து. மற்ற இடங்களில் பெரும்பாலும் ன: வான், மனம். ண தெலுங்கில் உள்ளதே.

(உ) ற. தெலுங்கிலும் பழைய எழுத்துமுறையில் 'பண்டி ர' என்று ஒன்று இருந்தது. இன்று அது ஏறக்குறைய வழக்கொழிந்து, ர வே எல்லா இடத்திலும் எழுதப்படுகிறது. நாம் நூறு என்பதை அவர்கள் நூரு என்றும், ஆறு என்பதை ஆரு என்றும் எழுதுகிறார்கள்.

(ஊ) ழ. இதுதான் பிள்ளைகள் மிகவும் தடுமாறும் எழுத்து. பழந்தெலுங்கிலும் இந்த ஒலியும் இதற்கோர் எழுத்தும் இருந்தன. பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் அதைக் காணலாம். காலப்போக்கில் மறைந்து, பல சொற்களில் ட ஆகிவிட்டது. கீழே பாருங்கள்:

ஏழு - ஏடு
கோழி - கோடி
ஊழியம் - ஊடிகம்
சோழர் - சோடர்

இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் தெலுங்கு. இதைக் காட்டினால் ழ என்பது யாரோ வைத்த தொல்லை அல்ல, இரண்டு மொழிக்கும் பொதுவாக இருந்து நம்மிடம் தங்கிவிட்ட பழைய சொத்து என்று பிள்ளைக்குத் தெரியும். ஒலிப்பதற்கு நாக்கு நுனியை மேலண்ணத்தின் பக்கமாக வளைத்து, அதைத் தொடாமல் விடச் சொல்லுங்கள். தொட்டுவிட்டால் ள ஆகிவிடும்.

இந்தச் சொற்களை வைத்து விடுகதையும் போடலாம்:

தெலுங்கில் முட்டையிடும், தமிழில் நூறு லட்சம் ஆகும். அது என்ன? - கோடி.
தெலுங்கில் எண், தமிழில் ஓலைச்சுவடி. அது என்ன? - ஏடு.
தெலுங்கில் 'அவன்', தமிழில் நீரில்லாத செடியின் நிலை. அது என்ன? - வாடு.

பிள்ளைகளே புதிய விடுகதைகள் உண்டாக்கட்டும். இரண்டு மொழி அறிந்த பிள்ளைக்கு மட்டுமே கிடைக்கும் விளையாட்டு இது. தமிழ் கற்பிக்கும்போது தெலுங்கைக் குறைத்துப் பேச வேண்டாம். நமக்குச் சோறு போடும் ஊரின் மொழி அது. நம் பிள்ளைகளின் நண்பர்களது மொழியும் அதுவே.

படிக்கப் புத்தகம் தேடி அலைய வேண்டியதில்லை. நாள்காட்டித் தாள், திருமணப் பத்திரிகை, மளிகைப் பொட்டலம் ஆகியவை போதும். திருப்பதிப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் சென்றால், தமிழ்நாட்டுப் பேருந்துகளில் வேலூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். புதிதாகப் படிக்கக் கற்ற பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடநூல் இல்லை.

4. நிழல் மறையும் நாள்

விடுமுறை தொடங்கிய ஓரிரு நாளிலேயே செய்யக்கூடிய சோதனை இது. சித்தூர் வடக்கே சுமார் 13.2 பாகையிலும், திருப்பதி 13.6 பாகையிலும் உள்ளன. மார்ச் 21 அளவில் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே நிற்கும் சூரியன், ஜூன் 21 அளவில் 23.5 பாகையிலுள்ள கடகரேகை வரை வடக்கே நகர்கிறது. வழியில் ஏப்ரல் 25, 26 தேதிகளையொட்டி நம் ஊர்களுக்கு நேர் உச்சியில் வருகிறது. அன்று நண்பகலில் செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நிழல் விழாது.

மொட்டை மாடியில் சமதளமான இடத்தில் ஒரு தம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். 11.50 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். 12 மணி 10 நிமிடத்தையொட்டி நிழல் தம்ளரின் அடியிலேயே அடங்கிவிடும். சரியாக 12 மணிக்கு ஏன் இல்லை? நம் கடிகாரம் காட்டுவது 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். நாம் அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் நமக்குச் சற்றுத் தாமதமாக உச்சிக்கு வருகிறது. சூரியனை நேரே பார்க்கக் கூடாது. குறித்ததும் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

அதன்பின் மே, ஜூன் முழுவதும் நண்பகல் நிழல் தெற்குப் பக்கமாக விழும். வாரம் ஒரு நாள் அளந்து நோட்டில் எழுதட்டும். ஆகஸ்டு நடுவில் சூரியன் திரும்பும்போது மறுபடி ஒருநாள் நிழல் மறையும். தில்லியிலுள்ள பிள்ளைகளுக்கு ஆண்டு முழுதும் இது கிடைக்காது. தில்லி கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது.

5. சமையலறைப் பாடம்

சித்தூர் மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர் பெற்றது. கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் நாம் சொல்லும் தோத்தாபுரிப் பழம், இங்குள்ள கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. விலை மலிவான நாளில் நாலு கிலோ வாங்கி, தெலுங்கு வீடுகளில் செய்யும் 'மாமிடி தாண்ட்ர'வைப் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். நன்கு பழுத்த பழத்தின் சதையைப் பிசைந்து வடிகட்டி, புளிப்புக்கேற்ப வெல்லமோ சர்க்கரையோ கலந்து, நெய் தடவிய தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மெல்லிய துணியால் மூடி வெயிலில் வைக்க வேண்டும். காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பூச்சு. ஐந்தாறு நாளில் தோல்போல உரிந்து வரும்.

இதில் பாடம் எங்கே? முதல் நாள் கூழை நிறுத்து எழுதச் சொல்லுங்கள். காய்ந்தபின் மீண்டும் நிறுக்கச் சொல்லுங்கள். குறைந்த எடை அவ்வளவும் பெரும்பாலும் நீர். நீரில்லாத இடத்தில் பூஞ்சை வளராது. அதனால்தான் வடாமும் வற்றலும் கெடுவதில்லை. காக்கை ஓட்டும் வேலையைக் கடைக்குட்டியிடம் கொடுத்துவிடலாம்.

நீர்மோர், பானகம், நன்னாரி சர்பத், கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றைப் பத்து வயதுப் பிள்ளை தானே கலக்கக் கற்கலாம். மாலையில் வீட்டுக்கு வரும் தந்தைக்குப் பிள்ளை கலந்து கொடுக்கும் ஒரு தம்ளர் மோர், கடையில் வாங்கும் எந்தக் குளிர்பானத்துக்கும் குறைந்ததல்ல.

6. துருவிலிருந்து மை

திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீகாளஹஸ்தி, கையால் எழுதும் கலம்காரித் துணிக்கு உலகப் புகழ் பெற்றது. மசூலிப்பட்டினப் பக்கத்தில் அச்சுக்கட்டையால் இடுவார்கள். இங்கே மூங்கில் எழுதுகோலால் வரைகிறார்கள். அதன் கறுப்பு மையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு மண்சட்டியில் அரை லிட்டர் நீர், ஒரு கைப்பிடி வெல்லம், பத்துப் பதினைந்து துருப்பிடித்த ஆணிகள் போட்டுத் துணியால் வாய்கட்டி மூன்று வாரம் ஓரமாக வையுங்கள். புளித்த வாடை வரும். சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் இருக்கட்டும். கஞ்சி நீக்கிய பருத்தித் துணியைக் கடுக்காய்ப் பொடியும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவையுங்கள். கூராக்கிய மூங்கில் குச்சியில் சிறிது துணி சுற்றி, மையில் தோய்த்து எழுதுங்கள். வெளிறிய நீர், துணியைத் தொட்டதும் கறுக்கும். மையிலுள்ள இரும்பும் கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் சேர்வதால் வரும் நிறம் அது. பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கிறது. விடுமுறையின் முதல் வாரம் சட்டியை வைத்தால், எழுத்துகள் முடியும் நேரத்தில் மையும் தயாராகிவிடும். பிள்ளை தன் பெயரைத் தமிழில் அந்தத் துணியில் எழுதட்டும்.

7. ஊர்ப் பெயர்களைத் தேடுதல்

ஒரு பெரிய தாளில் நம் வட்டாரத்தை வரையச் சொல்லுங்கள். திருப்பதியிலிருந்து சந்திரகிரி, பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்குப் போகும் ரயில் பாதையை முதலில் போடட்டும். பிறகு பெயர்களைப் பார்க்கலாம். சுவர்ணமுகி ஆறு தமிழ் நூல்களில் பொன்முகலி. ஸ்ரீகாளஹஸ்தி திருக்காளத்தி. காணிப்பாக்கத்தில் உள்ள 'பாக்கம்', புத்தூரில் உள்ள 'ஊர்', பூதலப்பட்டில் உள்ள 'பட்டு' எல்லாம் தமிழ்நாட்டு ஊர்களிலும் உள்ளவையே. திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழில் அமைந்தவை.

சித்தூர் மாவட்டம் உண்டானது 1911-இல். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக் கோடுகள் நகர்ந்தன. இருபுறமும் இரு மொழியும் கலந்தே வாழ்ந்தன. இரு மொழிகளின் நடுவே வளர்வது குறையல்ல, இந்த மண்ணின் பழைய வழக்கம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

8. நிறைவுப் பாடம்: ஓர் அஞ்சலட்டை

ஐந்தாவது வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஊரிலுள்ள தாத்தாவுக்கோ ஆயாவுக்கோ ஓர் அஞ்சலட்டை எழுத வேண்டும். நாலு வரி போதும். ஒரு மாதிரி:

"அன்புள்ள ஆயாவுக்கு, வணக்கம். நான் நலம். நீங்கள் நலமா? எனக்கு இப்போது தமிழ் எழுத வருகிறது. அம்மா மாம்பழம் காயவைத்தாங்க, பாதியைக் காக்கா தின்றுவிட்டது. தாத்தாவைக் கேட்டதாகச் சொல்லவும். பதில் போடவும்."

எழுத்துப்பிழைகளைத் திருத்தி வேறு அட்டையில் எழுத வைக்காதீர்கள். பிழையோடே போகட்டும். ழ வுக்கு ள போட்டிருந்தாலும் ஆயாவுக்குப் புரியும். தொலைபேசியில் பேசியது மறந்துபோகும். பேரப்பிள்ளையின் கையெழுத்தில் வந்த அட்டையை அவர்கள் பெட்டியில் வைத்திருப்பார்கள். அங்கிருந்து பதில் வந்து, அதைப் பிள்ளை யார் உதவியும் இல்லாமல் தானே படிக்கும் நாளில்தான் இந்தப் பாடம் முடிந்ததாகப் பொருள்.

பயிற்சி

1. 11 புள்ளி கொண்ட நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு மொத்தம் எத்தனை புள்ளிகள்? (விடை: 36+25 = 61)
2. தமிழிலும் தெலுங்கிலும் ஒரே பொருள் தரும் பத்துச் சொற்களைப் பிள்ளைகள் திரட்டட்டும். தொடக்கத்துக்கு: கண் - கன்னு, பால் - பாலு, பாம்பு - பாமு.
3. உங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் கண்ணில் படும் தமிழ் எழுத்துகளை எல்லாம் பிள்ளை பட்டியலிடட்டும்.

நாலைந்து குடும்பங்கள் அருகருகே இருந்தால், வாரம் ஒரு வீட்டில் கூடி இவற்றைச் செய்யலாம். ஒரு வீட்டில் கோலம் தெரிந்த பாட்டி இருப்பார். இன்னொரு வீட்டில் ஆடுபுலியில் தோற்காத தாத்தா இருப்பார். அவர்களுக்கும் இந்த விடுமுறை பயன்படட்டும். பிள்ளைகள் உண்டாக்கிய விடுகதைகளை நம் இதழுக்கு அனுப்பி வையுங்கள்; மற்றப் பிள்ளைகளும் படித்து மகிழட்டும்.